சான்றுக் குறிப்பின் இலக்கணம்

பல வருஷங்களுக்கு முன், ஒரு நூலகத்தின் கீழ்த்தளத்தில், துணிக்கட்டுப் போட்டு வரிசையாக நிறுத்தியிருந்த ஓர் ஆய்விதழின் பழைய தொகுதிகளுக்கு நடுவே, ஒரே ஒரு கட்டுரையைத் தேடி ஒரு பிற்பகல் முழுவதையும் கழித்தேன். கையிலிருந்த குறிப்பு 65-ஆம் தொகுதி என்றது. அந்தத் தொகுதியில் அந்தப் பக்கத்தைப் புரட்டினால், வேறு யாரோ வேறு எதைப் பற்றியோ எழுதியிருந்தார். நூலகத்தைச் சாத்தும் நேரத்துக்குச் சற்று முன், ஏதோ தோன்றி 56-ஆம் தொகுதியை உருவி எடுத்தேன். கட்டுரை அங்கே இருந்தது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதைத் தவிர வேறு பிழை இல்லை. ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் பொடி எழுத்தில் அச்சாகும் அந்தப் பட்டியலின் மீது எனக்கு மரியாதை பிறந்தது அன்றுதான்.

ஓர் ஆராய்ச்சியாளர் தாம் எழுதுவதில் எது தம் சொந்தக் கண்டுபிடிப்பு, எது முன்னோரிடமிருந்து பெற்றது என்பதைப் பிரித்துக் காட்டக் கடமைப்பட்டவர். அப்படிக் காட்டும்போது, சந்தேகம் கொண்ட வாசகர் யாராயினும் எழுந்து சென்று மூலத்தைத் தாமே எடுத்துப் பார்க்கும்படி, ஊர், தெரு, கதவிலக்கம் என்று விலாசம் எழுதுவதுபோல எழுதவேண்டும். அந்த விலாசம்தான் சான்றுக் குறிப்பு. அதன் சம்பிரதாயங்கள் பல. ஆனாலும் அறிவியல் உலகில் பெரும்பாலானவை இரண்டு வம்சங்களில் அடங்கும்.

முதல் வம்சத்தின் கதை ஓடில்லாத ஒரு தோட்டத்து நத்தையிலிருந்து தொடங்குகிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து விலங்கியல் அறிஞர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க், அந்த நத்தையின் முட்டை எவ்வாறு முதிர்ந்து கருவாகிப் பிளவுபடுகிறது என்பதை நானூறு பக்கங்களுக்கு மேல் விவரித்து 1881-இல் வெளியிட்ட கட்டுரையில், ஓரிடத்தில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் எழுதிச் சென்றார். 'ஹார்வர்ட் முறை' என்று இன்று வழங்கும் பெயர்–ஆண்டு முறைக்கு அறியப்பட்ட மிகப் பழைய உதாரணமாக அந்த இடத்தையே காட்டுகிறார்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது என்பது படிக்கும்போதே தெரிந்துவிடுவது இம்முறையின் பெரிய சௌகரியம். சி. வி. ராமன் 1928-இல் தனியாக எழுதிய கட்டுரைகள் இரண்டைக் குறிக்க நேர்ந்தால், 1928அ, 1928ஆ என்று பிரித்துக்கொள்ளலாம்.

மற்றொரு வம்சம் எண்களால் ஆனது. 1978 ஜனவரியில், பொது மருத்துவ ஆய்விதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினார்கள். அக்காலத்தில் ஒவ்வோர் இதழும் ஒவ்வொரு வடிவத்தை வற்புறுத்தியதால், ஓரிடத்திலிருந்து திரும்பி வந்த கையெழுத்துப் பிரதியை இன்னோர் இடத்துக்கு அனுப்புவதற்கு, பட்டியல் முழுவதையும் தட்டச்சில் மறுபடி அடிக்கவேண்டியிருந்தது. இந்த வீண் சிரமத்தை ஒழிப்பதற்காக அவர்கள் வகுத்து 1979-இல் வெளியிட்ட பொது விதிகளில், குறிப்புகளின் அமைப்பு அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் உருவாக்கியது. வான்கூவர் பாணி எனப்படும் இம்முறையில், வாக்கியத்தில் ஓர் எண் மட்டும் நிற்கும். அந்த எண்ணுக்குரிய விலாசம் இறுதிப் பட்டியலில் இருக்கும். வாசிப்புக்குத் தடையில்லை, ஆனால் நடுவில் புதிதாக ஒரு சான்றைச் செருகினால் அதன் பின்னுள்ள எண்கள் அனைத்தும் நகரவேண்டும்.

இந்த முறையில் ஒரு குறிப்பை அருகில் வைத்துப் பார்ப்போம். ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும், பிற்காலத்தில் ராமன் விளைவு என்று புகழ்பெற்ற ஒளிச்சிதறலை உலகுக்கு அறிவித்த சிறு கட்டுரை, 'நேச்சர்' இதழில் 1928 மார்ச் 31-இல் வெளிவந்தது. முதலெழுத்துகளுக்கு இடையே புள்ளி இல்லாமல் இரு பெயர்களும், அடுத்துத் தலைப்பும், பின்னர் இதழின் பெயரும் வந்தபின், அக்குறிப்பு இவ்வாறு முடியும்: 1928;121:501-2. அரைப்புள்ளிக்கு முன் நிற்பது ஆண்டு. அதற்கும் முக்காற்புள்ளிக்கும் இடையில் இருப்பது தொகுதி. முக்காற்புள்ளிக்குப் பின் வருவது பக்கம். 502 என்று முழுதாக எழுதாமல், மாறிய இலக்கத்தை மட்டும் வைத்து 2 என்று சுருக்கியிருக்கிறது. 'தொகுதி', 'பக்கம்' என்ற சொற்கள் இல்லாமலே, அந்தச் சொற்களின் வேலையைப் புள்ளிகள் செய்கின்றன. ஆதலால் இங்கே ஒரு புள்ளி மாறினால் பொருளே மாறும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் பாணியிலோ, ஆண்டு ஆசிரியர் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் முன்னே வந்துவிடும். இதழின் பெயரும் தொகுதி எண்ணும் சாய்வெழுத்தில் நிற்கும். பக்க எண் சுருங்காது. விலாசம் ஒன்றே, எழுதும் ஒழுங்குதான் வேறு.

இந்த விதிகளை வகுத்தவர்கள் மனத்தில் இருந்தவை மேனாட்டுப் பெயர்கள். தமிழர் பெயர்களை அவற்றில் பொருத்துவது எளிதன்று. குடும்பப் பெயரை முதலில் எழுதி, சொந்தப் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கு என்கிறது விதி. ராமனுக்கு இடப்பட்ட பெயரோ வேங்கடராமன். சந்திரசேகர என்பது தந்தையின் பெயர். ஒரே பெயர் இரண்டாகப் பிளந்து, பின்பாதி குடும்பப் பெயர்போல முன்னே நிற்க, முன்பாதி 'வி' என்ற எழுத்தாய் ஒடுங்கிவிட்டது. வானியற்பௌதிக அறிஞர் சந்திரசேகருக்கு முன்னுள்ள 'எஸ்' என்பதும் தந்தை பெயரே. 1952 முதல் 1971 வரை 'ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்' என்ற ஆய்விதழின் பத்திராதிபராக இருந்து, பிறருடைய கட்டுரைகளைச் செப்பனிட்ட அவருடைய பெயரே பட்டியல்களில் இந்த முறையில்தான் நிற்கிறது. இன்று முதற் கட்டுரையை அனுப்பும் இளைஞர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று: குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதினால், உங்கள் உழைப்பு தந்தையின் பெயரால்தான் மேற்கோள் காட்டப்படும், ஒரு வடிவத்தை முதலிலேயே தீர்மானித்து, எல்லாக் கட்டுரைகளிலும் அதையே கையாளுங்கள்.

இப்போது இந்த வேலையில் பெரும்பங்கைக் கணினியே செய்துவிடுகிறது. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006 முதல் இலவசமாகக் கிடைக்கும் 'ஜொட்டிரோ' போன்ற மென்பொருள், ஒரு பாணியிலுள்ள பட்டியலை ஒரு சொடுக்கில் இன்னொரு பாணிக்கு மாற்றுகிறது. எண்களையும் தானே நகர்த்திக்கொள்கிறது. 'டிஓஐ' எனப்படும் நிரந்தர அடையாள எண்ணும், அதைப் பதிவுசெய்ய 2000-இல் பதிப்பகங்கள் கூடி அமைத்த 'கிராஸ்ரெஃப்' என்ற ஸ்தாபனமும் வந்தபின், இணையப் பக்கம் இடம் மாறினாலும் கட்டுரை தொலைந்துபோகாமல் கிடைக்க வழி ஏற்பட்டிருக்கிறது. இந்த எண் எப்போதும் 10 என்ற இலக்கத்தில் தொடங்கும். ராமன்–கிருஷ்ணன் கட்டுரைக்குரிய எண்ணுக்குள் 121501 என்ற இலக்கங்கள் இருப்பதை, அதாவது தொகுதியும் பக்கமும் தோளோடு தோள் நிற்பதை, முதன்முறை கவனித்தபோது, பழைய சிநேகிதரைப் புதிய ஊரில் சந்தித்த சந்தோஷம் எனக்கு உண்டாயிற்று.

ஆயினும் மென்பொருள் எடுத்துக்கொடுப்பது, எங்கோ யாரோ பதிந்து வைத்த விவரத்தை மட்டுமே. 56 என்பது 65 என்று பதிவாகியிருந்தால், வான்கூவர் பாணியானாலும் ஹார்வர்ட் பாணியானாலும், 65 என்றே அழகாக அச்சிட்டுத் தரும். ஆகவே பிரதியை அனுப்புவதற்கு முன், ஒவ்வொரு மூலக் கட்டுரையின் முதற்பக்கத்தையும் எதிரில் விரித்து வைத்துக்கொண்டு, பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் என்று விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிடுவதை நான் இன்றும் விடவில்லை. முப்பது குறிப்புகளுக்கு ஒரு முற்பகல் செல்கிறது.