மில்லிமீட்டரும் ஆண்டுகளும்

பார்க்கின்சன் நோயில் மாத்திரைக்கும் அடங்காமல் கை நடுங்கினால், ஒரு காலத்தில் மருத்துவர்கள் மண்டையில் துளையிட்டு, மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ் வரை மெல்லிய கம்பியை இறக்கி, அங்கே சிறு பகுதியைச் சுட்டுப் பொசுக்குவார்கள். நடுக்கம் நிற்கும். இடம் சற்றே பிசகினால் பேச்சு குழறும். உடம்பில் ஒரு பக்கம் மரத்துப்போகும். சுட்டதை மீட்க வழியில்லை.

சுடுவதற்கு முன் இடம் சரிதானா என்று பார்க்க, நோயாளி விழித்திருக்கும்போதே கொஞ்சம் மின்சாரம் செலுத்துவது வழக்கம். 1987-ல் பிரான்சின் கிரனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் அப்படிச் செலுத்தியபோது, துடிப்புகளை நொடிக்கு 100 வரை கூட்டினார். நடுக்கம் அடங்கியது. மின்சாரத்தை நிறுத்தியதும் திரும்பிவந்தது. அப்படியானால் எதற்குச் சுட வேண்டும்? மின்முனையை உள்ளேயே விட்டுவைக்கும் ஆழ்மூளைத் தூண்டல் என்னும் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது.

இன்று காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், பேஸ்மேக்கர் போன்ற கருவி. மின்சாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். மூளையின் சமிக்ஞையைக் கவனித்துத் தானே அளவை மாற்றிக்கொள்ளும் கருவிக்கும் 2025-ல் அமெரிக்கா ஒப்புதல் தந்துவிட்டது.

கம்பியை எங்கே வைப்பது என்பதைச் சொன்னது இன்னொரு நீண்ட உழைப்பு. மாலன் டிலாங் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வகத்தில் சேர்ந்தபோது, மூளையின் கவர்ச்சியான பகுதிகளை மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அவருக்கு மிஞ்சியது அடித்தள நரம்பு முடிச்சுகள். குரங்குகளின் மூளையில் ஒவ்வொரு செல்லாகக் கவனித்துக்கொண்டே ஆண்டுகளைக் கழித்தார். 1990-ல், சப்தலாமிக் நியூக்ளியஸ் என்னும் சிறு பகுதியைச் செயலிழக்கச் செய்தால் குரங்கின் பார்க்கின்சன் அறிகுறிகள் தணிவதை அவரது குழு காட்டியது. பெனாபிட் குழு கம்பியை அங்கே நகர்த்தியது. டிலாங் தொடங்கிய நாளில், இந்த ஆய்வால் எந்த நோய் தீரும் என்று பணம் கொடுத்தவர்கள் கேட்டிருந்தால் விடை இருந்திருக்காது.

பணத்தின் பொறுமைதான் இப்போது குறைகிறது. 2013-ல் ஒபாமா அறிவித்த மூளை ஆய்வுத் திட்டத்துக்கு 2023-ல் 68 கோடி டாலர் கிடைத்தது. 2024-ல் அது 40.2 கோடி. அடுத்த ஆண்டு 32.1 கோடி.

இந்தத் துறையில் அவசரம் என்ன செய்யும் என்பதற்கு மனச்சோர்வு ஆய்வே சாட்சி. எந்த மருந்துக்கும் இணங்காத கடும் மனச்சோர்வுக்கு ஹெலன் மேபெர்க் குழு ஆழ்மூளைத் தூண்டலை முயன்று, ஆறு பேரில் நால்வர் தேறியதாக 2005-ல் எழுதியது. அதன் பின் கருவி தயாரிக்கும் நிறுவனத்தின் பணத்தில் பெரிய ஆய்வு நடந்தது. ஆறு மாதத்தில் கருவி இயங்கியவருக்கும் இயங்காதவருக்கும் வேறுபாடு தெரியவில்லை, ஆய்வை நிறுத்திவிட்டார்கள். ஆனால் கருவியோடு தொடர்ந்தவர்களை இரண்டாண்டு முடிவில் பார்த்தபோது ஏறத்தாழ பாதிப்பேருக்கு நோய் பெருமளவு தணிந்திருந்தது. ஒப்பிட வேறு குழு இல்லாததால் அதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. முறையாகச் சோதிக்க, 2024-ல்தான் புதிய பெரிய ஆய்வு தொடங்கியது. இடையில் போனது பத்தாண்டுக்கும் மேல்.