லத்தி எண்ணக் கற்ற குளிர்காலம்

காலை மணி 6.30. இன்னும் விடியவில்லை. புல்வெளி முழுக்க வெண்பனி உறைந்து கிடக்கிறது. கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போயிருக்கின்றன. தண்ணீர்த் தொட்டியின் மேல் படிந்த பனிக்கட்டியை மண்வெட்டிக் காம்பால் உடைப்பதுதான் என் முதல் வேலை.

ஈப்போவில் பிறந்து வளர்ந்த எனக்கு ஜூலை என்றால் வெயிலும் வியர்வையும்தான். நியூசிலாந்தில் அது நடுக் குளிர்காலம். அங்குள்ள மெஸ்ஸி பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். விடுமுறையில் பண்ணைகளில் வேலை செய்வதும் எங்கள் படிப்பின் ஒரு பகுதி. அப்படித்தான் வைக்காத்தோ வட்டாரத்தில், கேம்பிரிட்ஜ் நகருக்கு அருகிலுள்ள பந்தயக் குதிரை இனப்பெருக்கப் பண்ணை ஒன்றில் மூன்று வாரம் தங்கினேன். நியூசிலாந்தில் பிறந்த குதிரைகள் நம் நாட்டுப் பந்தயத் திடல்களில் ஓடியுள்ளன. 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயத்தைக் கண்ட சிங்கப்பூர் கிராஞ்சித் திடலிலும் ஓடியுள்ளன.

பண்ணையின் நாள்காட்டி விசித்திரமானது. நியூசிலாந்தில் இத்தகைய பந்தயக் குதிரைகள் அனைத்துக்கும் பிறந்தநாள் ஆகஸ்டு 1. எந்த மாதம் பிறந்த குட்டிக்கும் அதே நாளில்தான் வயது கூடும் என்று கணக்கு! அதனால் ஆகஸ்டு பிறந்த பிறகு, ஆனால் இயன்றவரை சீக்கிரமாகக் குட்டி பிறக்க வேண்டும் என்று விரும்புகிறார்கள். சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம்.

பெட்டைக்குதிரைகள் பகல் நீளும் வசந்த காலத்தில்தான் பருவத்துக்கு வரும். ஆகவே, சினையில்லாத குதிரைகளைக் குளிர்காலத்திலேயே மாலை நேரங்களில் விளக்கொளியில் நிறுத்துகிறார்கள். சூரிய ஒளியும் விளக்கும் சேர்ந்து நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம். இரண்டு மாதம் இப்படிச் செய்தால், வசந்தம் வந்துவிட்டதென்று உடல் ஏமாந்துவிடும்.

மற்ற வேலைகள் எல்லாம் சாதாரணமானவை. உலர்புல் சுமக்க வேண்டும். நனைந்த போர்வையைக் கழற்றி உலர்ந்ததைப் போர்த்த வேண்டும். குளம்பில் அப்பிய சேற்றைச் சுரண்ட வேண்டும். லாயத்தில் லத்தி அள்ள வேண்டும். குதிரைச் சாணத்துக்கு லத்தி என்று பெயர் என்பதையே அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அம்மாவோ தொலைபேசியில், “ஏம்மா, அவ்வளவு தூரம் படிக்கப் போயி இதைத்தான் அள்ளுறியா?” என்று கேட்டார். எனக்கும் அதே எண்ணம்தான். இரண்டாவது வாரம் அது மாறியது.

நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள ஒரு சினைக்குதிரைக்குக் குளம்பில் சீழ் கட்டியிருந்தது. அதனால் அதை வெளியே விடாமல் லாயத்திலேயே வைத்திருந்தார்கள். ஒரு நாள் காலை அதன் லாயத்தைச் சுத்தம் செய்தபோது, லத்தி மிகக் குறைவாக, சிறிதாக, இறுகிப்போய் இருந்தது. உலர்புல்லில் பாதி மிச்சம். தண்ணீர் வாளி ஏறக்குறைய நிறைந்தே இருந்தது.

எல்லாவற்றையும் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ‘நேற்று வந்த மாணவி நான். ஒன்றுமில்லாததைப் பெரிதாகச் சொன்னால் சிரிப்பார்களே’ என்று நினைத்து, அடுத்த லாயத்துக்குப் போய்விட்டேன்.

பத்து மணிக்குப் பண்ணை மேலாளர் அந்தப் பக்கம் வந்தார். குதிரை முன்னங்காலால் தரையைக் கீறிக்கொண்டும், தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டும் நின்றது. மருத்துவர் வந்து சோதித்தார். பெருங்குடலில் அடைப்பு! குளிரில் குதிரைகள் தண்ணீர் குறைவாகக் குடிக்கும். நடமாட்டமும் இல்லாமல், உலர்ந்த தீனி மட்டும் தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. இங்கே இரண்டு உயிர்கள்.

வலி நீக்க ஊசி போட்டார்கள். மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் செலுத்தி, எப்சம் உப்பு கலந்த நீரை ஊற்றினார்கள். அன்று இரவு மணிக்கு ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்தேன். அதிகாலை நான்கு மணிக்கு லாயத்து மரத்தூளில் ஒரு குவியல் லத்தி கிடந்தது. கைவிளக்கைப் பிடித்தபடி அழுதுவிட்டேன்.

காலையில் மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “நீ தவறாகச் சொன்னால் எனக்கு ஐந்து நிமிடம்தான் நட்டம். சொல்லாமல் விட்டால் ஒரு குதிரையும் குட்டியும் நட்டம்” என்றார்.

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. பள்ளி நாள்களிலிருந்தே நான் கை தூக்காத மாணவி. ‘தெரியாததைக் கேட்டால் சிரிப்பார்கள்’ என்ற பயத்தை அடக்கம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். உங்களில் பலருக்கும் இந்தப் பழக்கம் இருக்கலாம். வகுப்பில் அதனால் சில மதிப்பெண்கள் போகும். வேலையிடத்தில் வேறு யாரோ அதற்கு விலை கொடுக்க வேண்டி வரும்.

மறுநாள் ஒரு சிறிய குறிப்பேடு வாங்கினேன். ஒவ்வொரு லாயத்துக்கும் எத்தனை குவியல் லத்தி, எவ்வளவு புல் மிச்சம், வாளியில் தண்ணீர் எந்த அளவு என்று எழுதினேன். சந்தேகம் வந்தால் உடனே போய்ச் சொன்னேன். பெரும்பாலும் ஒன்றுமில்லைதான். யாரும் சிரிக்கவில்லை.

ஆகஸ்டு இறுதியில் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள தாயின் அருகே, நீண்ட கால்களோடு தள்ளாடி நிற்கும் குட்டி. கீழே மேலாளர் எழுதியிருந்தார்: “தாயும் குட்டியும் நலம். லத்தியும் சரி.”