நீருக்கு வழிவிடும் நிலவறை

காலி டம்ளர் ஒன்றை, வாய் மேலிருக்கும்படி, வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பாருங்கள். நீர் அதை மேல்நோக்கித் தள்ளுவதைக் கை உணரும். அடியில் ஓட்டை இருந்தால் நீர் உள்ளே பீறிடும். ஈரமண்ணில் புதைந்த நிலவறையின் நிலையும் இதுவே.

வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் மண்ணிலுள்ள நீர் உறைந்து விரிவடைந்து கட்டடத்தை அசைத்துவிடும். எனவே, உறையும் ஆழத்திற்குக் கீழே அடித்தளம் போடுகிறார்கள். அவ்வளவு தோண்டிய இடத்தை வீணாக்குவானேன்? அதையே நிலவறையாக்கிக்கொள்கிறார்கள். பனி உருகும்போதும் பெருமழையின்போதும் நிலத்தடி நீர்மட்டம் அறைத்தளத்திற்கு மேல் உயர்வதுண்டு.

2 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 2,000 கிலோகிராம் எடை. மேல்மட்டத்தில் அது சுழி. ஆகவே சராசரி 1,000. அப்படியானால் 10 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள சுவரை நீர் மட்டுமே 20 டன் விசையுடன் தள்ளுகிறது! உட்புறப் பூச்சு இதன் முன் எம்மாத்திரம்? நீர் அதைப் பெயர்த்துவிடும். இல்லையேல் வேறு விரிசலைத் தேடும்.

தடுப்பதை விட்டு, வழிவிடுவதே உபாயம். சுவரின் உட்புறத்தை ஒட்டிக் கான்கிரீட் தளத்தை உடைத்து வாய்க்கால் தோண்டுகிறார்கள். சரளைக்கல் பரப்பி, துளைகளுள்ள குழாயைச் சற்றே சரிவாகப் பதித்து, மீண்டும் கான்கிரீட் போட்டு மூடுகிறார்கள். தடை குறைந்த பாதையில் நீர் ஓடுவதால் தளத்தின் அடியிலுள்ள அழுத்தம் குறைகிறது. குழாய் நீர் மூலையிலுள்ள குழியில் சேரும். மிதவை உயர்ந்ததும் மின்பம்பு தானே ஓடி நீரை வெளியேற்றும். ஒருவழி வால்வு அது திரும்பாமல் காக்கும்.

சரளையும் குழாயும் கொண்ட இத்தகைய வடிகாலுக்குப் 'பிரெஞ்சு வடிகால்' என்று பெயர். பிரான்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1859-இல் வயல் வடிகால் பற்றி நூல் எழுதிய அமெரிக்கர் ஹென்றி பிளாக் பிரெஞ்ச் என்பவரின் பெயரே அது.

1,000 லிட்டர் நீரை 3 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 30,000 ஜூல் வேலை தேவை. பம்பின் இழப்புகளை ஒதுக்கினால், 100 வாட் விளக்கு 5 நிமிடம் எரியும் ஆற்றல்தான் இது. ஆனால் புயலின்போதுதான் மின்சாரமும் நின்றுவிடும். ஆகவே, பாட்டரிப் பம்பு ஒன்றும் துணைக்கு வேண்டும்.

அது இல்லாமல் நிலவறை மூழ்கிவிட்டால்? உடனே முழுவதையும் இறைப்பது ஆபத்து! உள்ளேயுள்ள நீர், வெளியிலிருந்து தள்ளும் நீருக்கு எதிர்விசை தருகிறது. அதை அவசரமாக அகற்றினால் சுவர் உள்ளே சரியக்கூடும். வெளிநீர் வடிய வடிய, நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு இறைப்பதே அங்கு சொல்லப்படும் அறிவுரை.

இப்போது டம்ளரில் நீர் நிரப்பி மீண்டும் அமிழ்த்துங்கள். அந்தத் தள்ளல் எங்கே போயிற்று?