நட்ட கல்லும் நட்ட நெஞ்சும்

ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் தாப்பாவையும் பீடோரையும் கடந்தால் வருவது சுங்காய். பேராக் மாநிலத்தின் இத்தென்பகுதி ஒருகாலத்தில் பால்மரக் காடாக விளங்கியது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தோர் காட்டை அழித்து மரம் நட்டனர், பால் வெட்டினர், லயங்களில் வாழ்ந்து மறைந்தனர். பழைய தோட்டங்கள் பல இன்று துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கு மாறின.

அத்தோட்டங்களின் எல்லையில் மதுரை வீரனும் முனியாண்டியும் குடிகொண்ட வரலாறு எளியது. பல இடங்களில் அவர்கள் வண்ணச் சிலைகளாக வரவில்லை. மரத்தடியில் ஊன்றிய ஒரு கல்லாகவே முதலில் வந்தனர். தக்க கல்லைத் தேடி எடுத்தனர்; நீராட்டினர்; நட்டனர்; மாலை சூட்டிப் படையலிட்டனர்; வாழ்த்தி வணங்கினர். எழுத்தறியாத தொழிலாளர் செய்த இச்செயல்கள் ஒரு பழைய இலக்கண நூலில் இதே வரிசையில் கூறப்பட்டுள்ளன. அங்கு அவை தெய்வத்துக்கு உரியனவாக அல்ல, இறந்துபட்ட ஒரு மனிதனுக்கு உரியனவாகச் சொல்லப்படுகின்றன.

கல் நடும் முறை

தொல்காப்பியர் புறத்திணையியலில் வெட்சித் திணையின் பகுதியாக நடுகல்லுக்கு ஆறு நிலைகளை வகுத்தார். காட்சி என்பது தகுந்த கல்லைத் தேடிக் காணுதல். கால்கோள் என்பது கண்ட கல்லைக் கொள்ளும் செயலைத் தொடங்குதல். நீர்ப்படை என்பது அதனை நீராட்டித் தூய்மை செய்தல். நடுதல் என்பது உரிய இடத்தில் ஊன்றுதல். பெரும்படை என்பது ஊன்றிய கல்லுக்குச் சிறப்புச் செய்து படையலிடுதல். வாழ்த்தல் என்பது அதனைப் போற்றிப் பாடுதல்.

இவ்வரிசை வெறும் இலக்கண வகுப்பு அன்று என்பதற்குச் சிலப்பதிகாரம் சான்று. வஞ்சிக் காண்டத்தின் காதைகள் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து, வரந்தரு காதை எனப் பெயர் பெற்றுள்ளன. செங்குட்டுவன் கண்ணகிக்காக இமயத்தில் கல் எடுத்ததும், கனக விசயர் தலையில் அதனை ஏற்றியதும், கங்கையில் நீராட்டி வஞ்சிக்குக் கொணர்ந்ததும் இம்முறையை ஒட்டியே நிகழ்கின்றன. சிற்றூரான் தன் ஊர் வீரனுக்குச் செய்ததையே பேரரசன் பத்தினிக்குப் பெரிய அளவில் செய்தான். அளவு வேறு, முறை ஒன்று.

இம்முறையில் ஆராயத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஆறு நிலைகளில் சிற்பியின் உளிக்கெனத் தனியே ஒரு நிலை பெயர் பெறவில்லை. கல்லைத் தேடுவதும், சுமப்பதும், கழுவுவதும், நடுவதும், உண்பிப்பதும், பாடுவதுமே பெயர் பெற்றன. இவை அனைத்தும் இறந்தவனோடு வாழ்ந்தவர்கள் தம் கையாலும் நாவாலும் செய்பவை. நினைவுக் கல்லின் மதிப்பைச் செதுக்கிய திறத்தால் மட்டும் பழந்தமிழர் அளக்கவில்லை. அதனை நட்டவர் நெஞ்சத்தாலும் அளந்தனர் எனக் கொள்வது பொருந்தும். தமிழில் 'நட்டல்' என்னும் சொல் ஊன்றுதலையும் குறிக்கும். நட்புச் செய்தலையும் குறிக்கும். நண்பரை 'நட்டார்' என்பது நூல் வழக்கு.

சிற்பமாக மலர்ந்த கல்

பழைய நடுகற்களில் உருவம் இல்லை. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டெடுத்த மூன்று கற்கள் இதனை விளக்கும். அவற்றில் தமிழ் பிராமி எழுத்துகள் மட்டுமே உள்ளன. அவை கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சார்ந்தவை என்பது தொல்லியலார் கருத்து. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் பட்ட அந்தவன் என்பானுக்கு எடுத்த கல் எனச் சில சொற்களில் உரைத்து நின்றுவிடுகிறது. ஆகோள் என்பது ஆநிரை கவர்தல். ஊர், பெயர், இறந்த காரணம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும் என அக்காலத்தார் எண்ணினர் போலும்.

பல்லவர் காலத்தில் கல்லில் உருவமும் சேர்ந்தது. செங்கம், தருமபுரி வட்டாரங்களில் இத்தகைய கற்கள் மிகுதி. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972-ஆம் ஆண்டு 'செங்கம் நடுகற்கள்' என்னும் தொகுதியை வெளியிட்டது. இக்கற்களில் வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளும் ஏந்தி முன்னோக்கி விரைகின்றான். மேலே வட்டெழுத்தில் அரசனின் ஆட்சி ஆண்டும், வீரனின் பெயரும், அவன் பட்ட காரணமும் பொறிக்கப்பட்டுள்ளன. காலடியில் கெண்டியும் சிமிழும் சிறிதாகச் செதுக்கப்பட்டிருப்பதைப் பல கற்களில் காணலாம். உயிரோடிருந்தபோது அவனுக்கு வழங்கியதைக் கல்லான பிறகும் வழங்கிய அன்பின் அடையாளம் அது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள 7-ஆம் நூற்றாண்டு நடுகல் இவற்றுள் தனிச்சிறப்பு உடையது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்ததான அக்கல், எருமைகளைக் காக்கும் போரில் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் இளைஞனுக்காக எழுந்தது. அவன் பின்னே ஒரு நாய் நிற்கின்றது. கோவிவன் என்பது அதன் பெயர் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்றது என்றும் எழுத்துகள் உரைக்கின்றன. உடனிருந்தது நாயே ஆயினும் அதன் பெயரை விடாமல் பொறித்த ஊராரின் நன்றியுணர்வு போற்றத்தக்கது.

பீலி சூட்டிய கல்லைச் சங்கப் பாடல்கள் பலவிடத்தும் காட்டுகின்றன. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்து கல்லானபோது ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 232-ஆம் பாட்டாக உள்ளது. மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள்ளை வார்க்கின்றனர். நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாத பெருந்தகை இச்சிறு கலத்துக் கள்ளைக் கொள்வானோ என ஔவை கலங்குகின்றார். கல்லின் சிறப்பையும் அதன் குறையையும் ஒருங்கே அறிந்தவர் அவர். நண்பர்க்குக் கல் வேண்டும். ஆயினும் அக்கல் அவர் ஆகாது.

சோழனும் பொத்தியாரும்

இறந்த நண்பனுக்கு எழுந்த கல்லின் பொருளை முற்ற உணர்த்துவது கோப்பெருஞ்சோழன் வரலாறு. உறையூரில் இருந்து ஆண்ட அவன்மீது பெற்ற மக்கள் இருவர் படை திரட்டினர். தந்தையும் சினந்து எழுந்தான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்னும் புலவர் இடைநின்று அறம் கூறித் தடுத்தார். போரை விடுத்த சோழன் ஆற்றிடைக் குறையில் மரநிழலில் வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பு பூண்டான்.

பாண்டி நாட்டுப் பிசிராந்தையார் வருவார், அவருக்கும் ஓர் இடம் ஒதுக்குக என்றான் சோழன். இருவரும் முன்னர் ஒருவரை ஒருவர் கண்டவர் அல்லர். சூழ இருந்தோர் ஐயுற்றனர். ஆந்தையாரோ சொல்லியபடியே வந்து சேர்ந்தார். பொன்னும் பவளமும் முத்தும் மணியும் வெவ்வேறிடத்தே பிறந்தும் ஓர் அணியில் கோக்கப்படும்போது ஒன்றுபடுவன போலச் சான்றோர் சான்றோர் பாலர் ஆவர் எனக் கண்ணகனார் இந்நிகழ்ச்சியை வியந்து பாடினார்.

இவ்வரலாற்றில் ஆந்தையாரைப் பலரும் அறிவர். பொத்தியாரை அத்துணை எண்ணுவதில்லை. நாள்தோறும் சோழனோடு உடன் உறைந்த புலவர் அவரே. தாமும் வடக்கிருக்க விழைந்தார். அவர் மனைவி கருவுற்றிருந்தாள். மகன் பிறந்த பின் வருக எனச் சோழன் அவரைத் திருப்பி அனுப்பினான். தனியே உறையூர் புகுந்த பொத்தியார் அரசன் இல்லாத மன்றத்தைக் கண்டார். பல்லாண்டு சோறிட்டு வளர்த்த யானையை இழந்த பாகன் வெற்றுத் தறியைக் கண்டு அழுவதுபோலத் தாம் அழுததாகப் பாடினார்.

மகன் பிறந்தபின் அவர் திரும்பி வந்தபோது சோழன் இல்லை. அவன் பெயர் தாங்கிய கல்லே நின்றது. புறநானூற்றின் 221, 222, 223-ஆம் பாட்டுகள் அக்கல்லின் முன் அவர் பாடியவை. முதற்பாட்டு, இத்தகையவனைக் கொண்டுபோன கூற்றைச் சேர்ந்து வைவோம் எனப் புலவர் சுற்றத்தை அழைக்கின்றது. இரண்டாம் பாட்டு அழுகையை விட்டு வழக்காடுகின்றது. மகன் பிறந்தபின் வா என்றாய், வந்துவிட்டேன், நம் நட்பை நீ மறந்திருக்க மாட்டாய், எனக்குரிய இடம் எது என்று கல்லைக் கேட்கின்றார். மூன்றாம் பாட்டில் விடை கிடைத்துவிட்டது. கல்லான பின்னும் பழைய நண்பர்க்கு அவன் இடம் அளித்தான் என அமைதி அடைகின்றார்.

பொத்தியார் அக்கல்லின் அழகையோ உருவத்தையோ பாடவில்லை. கல்லை நோக்கி அவர் கேட்டது ஒன்றே, அஃது 'இடம்'. இறந்தவன் நிற்பதற்கு ஓர் இடம், இருப்பவன் வந்து அமர்வதற்கு ஓர் இடம் என இரண்டையும் ஒருங்கே தருவது நடுகல். உயிரோடிருந்தபோது நண்பனுக்கு இடம் ஒதுக்கிய சோழன் கல்லான பின்னும் அதே செயலைச் செய்கின்றான். நினைவுச் சின்னத்தின் பயன் இதனினும் தெளிவாக வேறெங்கும் கூறப்படவில்லை எனலாம்.

பாரியின் தோழர் கபிலர்க்கும் கல் உண்டு. பாரி மகளைத் தக்கார்க்கு அளித்தபின் கபிலர் தீப்புகுந்த கல்லைத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு 'கபிலக்கல்' எனக் குறிக்கின்றது. நண்பன் பொருட்டு உயிர்விட்டவரின் நினைவை ஒரு கல் பல நூற்றாண்டு தாங்கி நின்றது.

இடம் பெறாதார்

கல்லும் தேயும். அகநானூற்றுப் பாடல் ஒன்று பாலை வழியில் நிற்கும் நடுகல்லைக் காட்டுகின்றது. அம்பு தீட்டித் தீட்டி அதன் இடை நுணுகிவிட்டது. எழுத்துகள் இயைபுறத் தோன்றவில்லை. வழிச்செல்வோர் களைப்பினால் நின்று படிக்காமல் கடந்து போகின்றனர். நட்டவரின் கடமை ஒருபுறமிருக்க, படிப்பவர்க்கும் ஒரு கடமை உண்டு என்பதை அப்பாடல் நினைவூட்டுகின்றது.

பேராக் மண்ணில் நினைவுச் சின்னங்களுக்குக் குறைவில்லை. 1875-ஆம் ஆண்டு பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட ஆங்கில அதிகாரி பர்ச்சுக்கு ஈப்போவில் 1909-ஆம் ஆண்டு மணிக்கூண்டு எழுந்தது. பத்து காஜாவை அடுத்த கெல்லி மாளிகைக்கு அருகே உள்ள மாரியம்மன் கோயிலின் மேலே, தெய்வ உருவங்களின் இடையே, ஐரோப்பிய உடையணிந்த ஓர் உருவம் நிற்கின்றது. அது தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித்தின் உருவம் என்பர். கொள்ளை நோயில் தொழிலாளர் மாண்டதை அடுத்து அக்கோயில் எழுந்ததாகக் கூறுவர். முதலாளியின் பெயரை வருவோர் எல்லாரும் அறிவர். மாண்ட தொழிலாளரின் பெயர்களைச் சொல்வார் அரியர்.

இதனினும் பெரிய இழப்பு சயாம்-பர்மா இரயில் பாதையில் நேர்ந்தது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சப்பானியப் படை அமைத்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருந்தொகையாகக் கொண்டுசெல்லப்பட்டனர். பசியாலும் வாந்திபேதியாலும் மாண்ட ஆசியத் தொழிலாளர் தொகை ஏறத்தாழ 90,000 என்பது ஒரு மதிப்பீடு. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் துயில்கின்றனர். அங்கு வரிசை வரிசையாகப் பெயர் தாங்கிய கற்கள் உள்ளன. தமிழர்க்கு அத்தகைய கல்லறை அமையவில்லை. 1944-ஆம் ஆண்டு சப்பானியப் படையே எழுப்பிய நினைவுத் தூணில் தமிழ் வாசகமும் இடம்பெற்றது. இறப்புக்குக் காரணமானவரே நட்ட கல் அது; நட்டார் நட்ட கல் அன்று.

அங்கிருந்து மீண்டவர் தோட்டங்களுக்குத் திரும்பி மீண்டும் கத்தி பிடித்துப் பால் வெட்டினர். உடன் சென்ற தோழனைக் காட்டில் விட்டு வந்தவர்க்குப் பொத்தியார் பெற்ற பேறு வாய்க்கவில்லை. அவர் கேட்ட கேள்வியைக் கேட்பதற்குக்கூட ஒரு கல் இல்லை.

எண்பது ஆண்டுகளுக்குப் பின் அக்குறை ஓரளவு நீங்கியது. 2023-ஆம் ஆண்டு மே மாதம் காஞ்சனபுரியில் உள்ள வாட் தாவோர்ன் வராராம் என்னும் பௌத்த மடத்தில் இவர்களுக்கு ஒரு கல் நடப்பெற்றது. தமிழ்நாட்டு அரசு அதற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்கியது. அதற்கு இட்ட பெயர் நினைவுத் தூண் அன்று, மண்டபம் அன்று, 'நடுகல்' என்பதே. ஈராயிரம் ஆண்டுப் பழைய சொல் அதன் பழைய பணிக்கே திரும்பியது.

எனினும் புலிமான்கோம்பைக் கல்லில் உள்ள மூன்று செய்திகளும் இவர்களுக்கு இன்னும் முழுமையாகச் சேரவில்லை. ஊர், பெயர், இறந்த காரணம் ஆகியவற்றுள் காரணம் ஒன்றே உலகறிந்தது. ஊரும் பெயரும் சுங்காய் போன்ற ஊர்களில் முதியோர் நினைவில் சிதறிக் கிடக்கின்றன. புறநானூற்றின் 222-ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும் தமிழாசிரியர், மாணவர் ஒவ்வொருவரையும் தம் வீட்டு முதியவரிடம் சென்று, சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் பெயரையும் தோட்டத்தையும் கேட்டு எழுதி வரச் செய்யலாம். காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலைகளையும் செய்யப் பொருள் வேண்டும்; பெயரை எழுதுவதற்கு ஒரு தாளும் மையும் போதும். சொல்ல வல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.