வெவ்வேறு சூரியத் தகடுகளை ஒரே வீட்டில் இணைப்பது எப்படி?

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பற்றறியும் இல்லாதிருந்த நாட்களில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள் நாம். கையில் உள்ளதைக் கொண்டு காரியம் பார்ப்பது எமக்குப் புதிதல்ல. இன்று எமது குடும்பங்களின் கூரைகளில் உள்ள சூரியத் தகடுகளும் அப்படித்தான் சேர்ந்தவை. ஒன்று பழைய வீட்டிலிருந்து கழற்றி வந்தது. ஒன்று உதவியாகக் கிடைத்தது. மற்றது நெல் விற்ற காசில் வாங்கியது. இவற்றை ஒன்றாக இணைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். இணைக்கலாம். ஆனால் முறை தெரிந்து இணைக்க வேண்டும்.

முறை தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு கமக்காரரிடம் 40 வாற் தகடு ஒன்று இருந்தது. கடன்பட்டு 75 வாற் தகடு ஒன்றை வாங்கி, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தார். அப்படியும் இரவு எட்டு மணிக்கே விளக்கு மங்கியது. பிள்ளைகளின் படிப்பு நின்றது. பற்றறி பழுது என்று எண்ணி, மீண்டும் கடன்பட்டுப் புதிய பற்றறி வாங்கினார். அதன் பின்பும் அதே கதைதான். பிழை பற்றறியில் இல்லை, இணைப்பில் இருந்தது.

தொடர் இணைப்பும் சமாந்தர இணைப்பும்

ஒரு தகட்டின் நேர் முனையை அடுத்த தகட்டின் எதிர் முனையுடன் தொடுப்பது தொடர் இணைப்பு. இதில் வோல்ற் கூடும், அம்பியர் கூடாது. இரண்டு அங்குலக் குழாயுடன் ஓர் அங்குலக் குழாயைப் பொருத்தினால், சிறிய குழாய் விடும் அளவுதானே தண்ணீர் வரும்? அதுபோலவே சிறிய தகடு பெரியதைக் கட்டிப்போடும். மேலும், இரண்டு 12 வோல்ற் வகைத் தகடுகளைத் தொடராக இணைத்தால் திறந்த நிலையில் 40 வோல்ற்றுக்கு மேல் வரும். சிறிய கட்டுப்படுத்திகள் பல அதைத் தாங்காது.

நேர் முனைகளை ஒன்றாகவும் எதிர் முனைகளை ஒன்றாகவும் சேர்ப்பது சமாந்தர இணைப்பு. இது இரண்டு கிணறுகளிலிருந்து தனித்தனி வாய்க்காலால் ஒரே தொட்டிக்கு நீர் விடுவதைப் போன்றது. வோல்ற் மாறாது, அம்பியர்கள் கூடும். ஆனால் வாய்க்கால்கள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அதாவது, தகடுகளின் வோல்ற் அளவுகள் நெருக்கமாக இருக்க வேண்டும்.

முதலில் பின்புறத்தைப் பாருங்கள்

ஒவ்வொரு தகட்டின் பின்புறத்திலும் ஓர் ஒட்டுத்தாள் உண்டு. அதில் ‘வி.எம்.பி.’ என்பது வேலை செய்யும்போதுள்ள வோல்ற், ‘ஐ.எம்.பி.’ என்பது அப்போது தரும் அம்பியர். 12 வோல்ற் வகைத் தகட்டில் பொதுவாக 36 கலங்கள் இருக்கும். அதன் வி.எம்.பி. 17 அல்லது 18 வோல்ற் ஆகும். ஒட்டுத்தாள் அழிந்திருந்தால், நடுப்பகல் வெயிலில் ஒன்றுடனும் இணைக்காத தகட்டை மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள். 20 முதல் 22 வோல்ற் வரை காட்டினால் அது 12 வோல்ற் வகையே.

மேற்சொன்ன கமக்காரரின் சிறிய தகடு 17.4 வோல்ற்றில் 2.3 அம்பியர் தருவது. பெரியது 17 வோல்ற்றில் 4.4 அம்பியர் தருவது. வாற் அளவு வேறாயினும் வோல்ற் அளவு நெருக்கம். ஆகவே இவை சமாந்தரத்துக்கு ஏற்றவை. மொத்தம் 6.7 அம்பியர். நல்ல வெயில் 4 மணித்தியாலம் கிடைத்தால் ஏறக்குறைய 27 அம்பியர்-மணி. இழப்புகள் போக 20 என்று வைத்துக்கொள்வோம். 5 வாற் எல்.ஈ.டி. விளக்குகள் மூன்றை 5 மணித்தியாலம் எரிக்க 6 அம்பியர்-மணி அளவே போதும். மீதி கைத்தொலைபேசிக்கும் மழைநாளுக்கும் உதவும்.

வோல்ற் வேறுபட்டால்

இன்று கிடைக்கும் 300 வாற்றுக்கு மேற்பட்ட தகடுகள் பெரும்பாலும் 30 முதல் 40 வோல்ற்றில் வேலை செய்பவை. இவற்றை 12 வோல்ற் வகையுடன் நேரடியாகச் சேர்க்க வேண்டாம். பெரிய தகடு சிறியதன் மட்டத்துக்கு இழுக்கப்படும். சில வேளை சிறிய தகட்டினுள் மின் பின்னோக்கிப் பாயவும் கூடும்.

வழி இதுதான்: ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிக் கட்டுப்படுத்தி வைத்து, இரண்டையும் ஒரே பற்றறியில் இணையுங்கள். இரண்டிலும் பற்றறியின் வகையை ஒரேமாதிரி அமைக்க வேண்டும். பெரிய தகட்டுக்கு ‘எம்.பி.பி.ரி.’ வகைக் கட்டுப்படுத்தி அவசியம். விலை குறைந்த ‘பி.டபிள்யூ.எம்.’ வகையில் 37 வோல்ற், 9 அம்பியர் தரும் 330 வாற் தகட்டை 12 வோல்ற் பற்றறிக்குக் கொடுத்தால், 120 வாற் அளவே வந்து சேரும். மீதி வீண்.

கவனிக்க வேண்டியவை

1. தகடுகளின் ‘ஐ.எஸ்.சி.’ அளவுகளைக் கூட்டுங்கள். கட்டுப்படுத்தியின் அம்பியர் அளவு அதைவிடக் காற்பங்கு கூடுதலாக இருக்கட்டும்.

2. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தகடுகளைச் சமாந்தரமாக இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி உருகி போடுங்கள். ஒன்று பழுதானால் மற்றவற்றின் மின் முழுவதும் அதற்குள் பாய்ந்து தீப்பிடிக்கலாம். பற்றறியின் நேர் முனைக்கு அருகிலும் ஓர் உருகி கட்டாயம்.

3. கட்டுப்படுத்தியில் முதலில் பற்றறியை இணையுங்கள், பின்னரே தகட்டை. கழற்றும்போது முதலில் தகட்டைக் கழற்றுங்கள்.

4. ஒரு பனை ஓலையின் நிழல்கூடத் தகட்டின் பலனைப் பெரிதும் குறைக்கும். தொடர் இணைப்பில் அந்த நட்டம் மற்றத் தகட்டையும் பாதிக்கும்.

5. தகடுகளின் கலப்பை ஓரளவு பொறுக்கலாம். பழைய பற்றறியையும் புதியதையும் மட்டும் சேர்க்க வேண்டாம். பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

எதனுடனும் பொருந்தாத சிறு தகடு ஒன்று மிஞ்சினால், அதை வலிந்து சேர்க்க வேண்டியதில்லை. தனியாக ஒரு சிறு பற்றறியுடன் மாட்டுக்கொட்டில் விளக்குக்குக் கொடுங்கள்.

அந்தக் கமக்காரரின் வீட்டில் வேண்டியிருந்தது இரண்டு கம்பிகளை மாற்றிப் பூட்டுவது மட்டுமே. அதற்குச் செலவில்லை. ஆனால் தேவையில்லாமல் வாங்கிய பற்றறியின் கடன் இன்னும் தீரவில்லை. எனவே புதிதாக எதையும் வாங்குமுன், கூரையில் ஏறித் தகட்டின் பின்புறத்தை ஒருமுறை வாசியுங்கள்.