சாம்பியனுக்கு 122 கிலோ! எதிராளிக்கு 83 கிலோ!
"ஹெவி வெயிட்" குத்துச்சண்டையின் விசித்திரம்

1934-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி.

அமெரிக்காவில் மியாமி நகரில் ஒரு குத்துச்சண்டை. உலக "ஹெவி வெயிட்" பட்டத்துக்கான சண்டை.

ஒரு மூலையில் சாம்பியன் பிரைமோ கார்னெரா நின்றார். இத்தாலி நாட்டுக்காரர். ஏறத்தாழ ஆறரை அடி உயரம். எடை 122 கிலோ. பார்க்கவே பயமாக இருக்கும் உருவம்.

எதிர் மூலையில் நின்றவர் டாமி லாக்ரன். அமெரிக்கர். அவருடைய எடை 83 கிலோதான்!

வித்தியாசம் 39 கிலோ. ஒரு பன்னிரண்டு வயதுப் பையனின் எடை அது! உலக ஹெவி வெயிட் பட்டச் சண்டையில் அதுவரை இவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. அதற்குப் பிறகும் 70 ஆண்டுகள் அதை யாரும் மிஞ்சவில்லை.

இப்படி ஒரு ஜோடியை எப்படி அனுமதித்தார்கள்?

மேல் வரம்பு இல்லை

குத்துச்சண்டையில் எடை பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். சண்டைக்கு முன்பு வீரர்களைத் தராசில் நிறுத்துவார்கள். அரை கிலோ கூடுதலாக இருந்தாலும் விடமாட்டார்கள். அந்த வீரர் ஓடி, வியர்வை சிந்தி, எடையைக் குறைத்துவிட்டு வரவேண்டும்.

சிறிய பிரிவுகளில் கண்டிப்பு அதிகம். "பிளை வெயிட்" பிரிவில் 51 கிலோ வரை இருக்கலாம். "பாண்டம் வெயிட்" பிரிவில் 53½ கிலோ வரை. இரண்டுக்கும் நடுவே மூன்று கிலோகூட இல்லை!

ஆனால் மேலே போகப்போகக் கண்டிப்பு தளரும். கார்னெராவின் காலத்தில் 79 கிலோவைத் தாண்டிவிட்டால் எல்லோரும் ஹெவி வெயிட்தான். 80 கிலோ ஆளும் அந்தப் பிரிவு. 130 கிலோ ஆளும் அதே பிரிவு!

இதற்கு ஒரு காரணம் உண்டு. இருப்பவர்களிலேயே பெரிய வீரர் யார் என்று தெரிந்துகொள்ள மக்களுக்கு ஆசை. "இவ்வளவு கிலோவுக்கு மேல் வரக்கூடாது" என்று சொல்லிவிட்டால், வெளியே ஒரு பெரிய ஆள் நிற்பான். அவனை ஜெயிக்காத சாம்பியன் என்ன சாம்பியன் என்று ஜனங்கள் கேட்பார்கள்.

இன்னொன்று. சிறிய ஆள் ஜெயித்த கதைகளும் இருந்தன. 1897-ல் பாப் பிட்சிம்மன்ஸ் உலகப் பட்டத்தை வென்றபோது அவருடைய எடை 76 கிலோதான். 1919-ல் ஜாக் டெம்ப்சி 85 கிலோ. அவரோடு மோதிய சாம்பியன் ஜெஸ் வில்லார்டு 111 கிலோ. முதல் சுற்றிலேயே வில்லார்டை ஏழு தடவை தரையில் விழவைத்தார் டெம்ப்சி! மூன்று சுற்றோடு வில்லார்டு சண்டையை விட்டுவிட்டார்.

"பிறகு எதற்கு வரம்பு?" என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். பெரிய உருவம் என்றால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் பணம் வரும். அதுவும் ஒரு காரணம்தான்!

சர்க்கஸ் பயில்வான்

கார்னெரா 1906-ம் ஆண்டு பிறந்தவர். இத்தாலியின் வடக்கே செக்குவால்ஸ் என்ற சிற்றூர். ஏழைக் குடும்பம். சிறு வயதிலேயே பிழைப்பு தேடி பிரான்சு நாட்டுக்குப் போனார். அங்கே சர்க்கஸ்காரர்கள் அவரைப் பார்த்தார்கள். பயில்வான் வேலை கிடைத்தது.

பிறகு குத்துச்சண்டைக்காரர்களின் கண்ணில் பட்டார். 1928-ல் பாரீஸ் நகரில் முதல் சண்டை. 1930-ல் அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார்கள்.

அவருக்குச் சண்டை நுணுக்கம் அவ்வளவாகத் தெரியாது. கற்றுக்கொள்ள நேரமும் கொடுக்கவில்லை. ஊர் ஊராகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எதிராளிகள் "பொத்", "பொத்" என்று விழுந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு விழுகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. கார்னெராவைச் சுற்றி இருந்தவர்களில் போக்கிரிக் கூட்டத்தாரும் உண்டு.

பாவம், கார்னெராவோ தன் பலத்தால்தான் எல்லோரும் விழுகிறார்கள் என்று நம்பினார் என்பார்கள்.

ஒரு உயிர் போயிற்று

1933-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி, நியூயார்க்கில் எர்னி ஷாப் என்ற வீரருடன் கார்னெரா மோதினார். ஷாப்புக்கு 24 வயது. கார்னெராவைவிட சுமார் 25 கிலோ குறைவு.

பதின்மூன்றாவது சுற்றில் ஷாப் விழுந்தார். பெரிய அடியாகத் தெரியவில்லை. "நடிப்பு! நடிப்பு!" என்று கூட்டம் கூச்சல் போட்டது.

அது நடிப்பு அல்ல. ஷாப் கண் விழிக்கவே இல்லை. நான்கு நாட்களில் இறந்துபோனார்.

ஊரே திடுக்கிட்டது. முந்திய ஆண்டு மாக்ஸ் பேயர் என்பவரிடம் ஷாப் பலத்த அடி வாங்கி இருந்தார். அதுதான் காரணம் என்று பலர் சொன்னார்கள். சண்டைக்கு முன்பு அவர் காய்ச்சலில் கிடந்ததும் வெளியே வந்தது. ஆனாலும், "இவ்வளவு பெரிய ஆளோடு சாதாரண ஆளை மோதவிடலாமா?" என்ற கேள்வி எழுந்தது. கார்னெரா போன்றவர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று நியூயார்க் குத்துச்சண்டை அதிகாரிகளே பேசினார்கள்.

அந்தப் பேச்சு ஐந்து மாதம்கூட நிற்கவில்லை. ஜூன் 29-ந் தேதி அதே நியூயார்க்கில் ஜாக் ஷார்க்கியை வீழ்த்தி கார்னெரா உலக சாம்பியன் ஆனார்!

காலை மிதித்தார்

இப்போது மியாமி சண்டையைப் பார்ப்போம்.

லாக்ரன் லேசான ஆள் அல்ல. "லைட் ஹெவி வெயிட்" என்ற கீழ்ப் பிரிவில் உலக சாம்பியனாக இருந்தவர். இடது கையால் குத்திவிட்டு நழுவுவதில் கெட்டிக்காரர்.

அவர் குத்தினார், நழுவினார். கார்னெரா துரத்தினார். கிட்டே சிக்கியபோதெல்லாம் லாக்ரனின் கழுத்திலும் தோளிலும் சாய்ந்தார்.

எடையின் உபயோகம் இதில்தான் இருக்கிறது. குத்தில் உள்ள பலம் மட்டும் அல்ல. 122 கிலோ மனிதன் மேலே சாய்ந்தால், கீழே இருப்பவனின் கால்கள் அத்தனையையும் தாங்கவேண்டும். இரண்டு சுற்று தாங்கலாம். பதினைந்து சுற்று தாங்க முடியுமா? கார்னெராவின் பெரிய பூட்சு தன் காலை மிதித்ததாகவும் லாக்ரன் பின்னால் சொன்னார்.

பதினைந்து சுற்றும் முடிந்தது. புள்ளிக் கணக்கில் கார்னெரா வென்றார். ஆனால் 39 கிலோ கூடுதலாக இருந்தும் லாக்ரனை அவரால் "நாக்-அவுட்" செய்ய முடியவில்லை!

விழுந்தார், எழுந்தார்

மூன்றரை மாதம்தான். ஜூன் 14-ந் தேதி மாக்ஸ் பேயர் எதிரே வந்தார். இருவரும் 1933-ல் ஒரு சினிமாப் படத்தில் சேர்ந்து நடித்தவர்கள். கார்னெராவின் பலவீனங்களை பேயர் அப்போதே பார்த்து வைத்திருந்தார்.

பேயர் 24 கிலோ குறைவு. ஆனால் அவர் அடித்த அடியில் கார்னெரா பத்துத் தடவைக்கு மேல் விழுந்தார். விழுந்தார், எழுந்தார். மறுபடி விழுந்தார், எழுந்தார். பதினோராவது சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தினார். பட்டம் போயிற்று.

அடுத்த ஆண்டு ஜோ லூயி என்ற இளைஞரும் அவரை ஆறாவது சுற்றில் வீழ்த்தினார்.

சம்பாதித்த பணம்? பெரும்பகுதியை மற்றவர்கள் தின்றுவிட்டார்கள். யுத்தத்துக்குப் பிறகு கார்னெரா அமெரிக்காவில் குஸ்தி போட்டுப் பிழைத்தார். அதில் ஓரளவு பணமும் சேர்த்தார். 1956-ல் அவரைப்போன்ற ஒரு ராட்சத வீரனை வைத்துப் படம் எடுத்தார்கள். கார்னெரா வழக்குப் போட்டார். தோற்றார்.

1967-ல் செக்குவால்ஸ் ஊருக்கே திரும்பி வந்து காலமானார். அன்றும் ஜூன் 29-ந் தேதி! பட்டம் வென்ற அதே தேதி.

இப்போது?

வரம்பு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. 1979-ல் "குரூசர் வெயிட்" என்ற புதிய பிரிவைத் தொடங்கினார்கள். இப்போது அதற்கு வரம்பு ஏறத்தாழ 91 கிலோ. ஒலிம்பிக்கில் 1984-ல் "சூப்பர் ஹெவி வெயிட்" வந்தது. 2020-ல் உலக குத்துச்சண்டைக் கவுன்சில் 102 கிலோ வரை இன்னொரு பிரிவை ஏற்படுத்தியது.

80 கிலோ ஆள் இனி கார்னெராவிடம் மாட்டவேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள பிரிவுக்கு இன்னும் கூரை கிடையாது.

2009-ல் ரஷியாவின் நிக்கோலாய் வலுயேவ் 143 கிலோ. ஏழு அடி உயரம். அவரை ஜெயித்தவர் 98 கிலோ எடையுள்ள டேவிட் ஹே. பன்னிரண்டு சுற்றும் கிட்டே சிக்காமல் சுற்றிச் சுற்றி வந்தே ஜெயித்தார்!

2024-ம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் டைசன் பியூரி 127 கிலோ எடையுடன் மேடை ஏறினார். எதிரே உக்ரைன் நாட்டின் உசிக். அவர் குரூசர் வெயிட்டில் இருந்து மேலே வந்தவர். எடை 102½ கிலோ. மூன்று நடுவர்களும் உசிக்குக்கே வெற்றி கொடுத்தார்கள்.