அறிவை மூடுவது கம்ர்

"சாராயம் ஹராம் சேர், வாயில வைக்க மாட்டோம். இது இலைதானே, ஆயுர்வேத மருந்திலயும் போடுறாங்க." பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த பழைய மாணவர்கள் இருவர் கஞ்சாவைப் பற்றி என்னிடம் சொன்னது இது. மதுவுக்கு அஞ்சும் பிள்ளைகள் கஞ்சாவுக்கு ஏன் அஞ்சுவதில்லை? நாம் பெயரைச் சொல்லித் தடுத்தோம். காரணத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

'கம்ர்' என்ற அரபுச் சொல்லின் வேருக்கு மூடுதல் என்று பொருள். முக்காட்டைக் குறிக்கும் 'கிமார்' என்பதும் அதே வேரில் பிறந்ததுதான். தலையை மூடுவது கிமார். அறிவை மூடுவது கம்ர். போதை தரும் அனைத்தும் கம்ர் என்பதே நபி (ஸல்) அவர்களின் போதனை. 1328இல் மறைந்த இமாம் இப்னு தைமிய்யா, ஹஷீஷ் எனப்பட்ட கஞ்சாவையும் இதனுள் அடக்கியே தீர்ப்புச் சொன்னார்.

மருத்துவமும் இதற்கு மாறில்லை. மது உடலைவிட்டுப் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் நீங்கிவிடும். கஞ்சாவின் போதைப்பொருளான டீ.எச்.சீ. கொழுப்பில் தங்கும், தொடர்ந்து புகைப்பவரின் உடலில் வாரக்கணக்கில் இருக்கும். மூளையோ ஏறத்தாழ 25 வயதுவரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதில் ஞாபகமும் கவனமும் குன்றும். சிலருக்கு மனநோயும் வரலாம். வைத்தியர் அளந்து கொடுக்கும் மருந்து வேறு, விடுதி அறையில் கூடிப் புகைப்பது வேறு.

அன்று நான் ஏசவில்லை, இதைத்தான் சொன்னேன். "இத ஏன் சேர் வகுப்புலயே சொல்லல்ல?" என்று ஒருவன் கேட்டான். இப்போது உயர்தர வகுப்பில் சொல்லி வருகிறேன்.